பெருந்தலைவர் எம். சி. ராஜா

நம் சமுதாயத்தின் உரிமைகளைச் சட்டமாக்கித் தந்த சான்றோருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் பெருந்தலைவர் எம். சி. ராஜா அவர்கள். 1883-ஆம் ஆண்டு பரங்கிமலையில் பிறந்தார். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்று, ஆசிரியர் பணியை மேற்கொண்டார். ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளராக விளங்கி, 1920-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமனம் பெற்றார்.

சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று ஆங்கிலேயர் நீதிமன்றங்கள் கூறிவந்தன. எனினும், நெடுநாள் வழக்கம் என்று மெய்ப்பிக்கப்பட்டதைச் சட்டத்திற்கு நிகராகவே ஏற்றன. இதற்குக் கமுதிக் கோயில் வழக்கே சான்று. 1897-இல் அக்கோயிலுள் நுழைந்த நாடார் பெருமக்கள் மீது தொடுக்கப்பட்ட வழக்கு, மதுரையில் தொடங்கி இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1908-இல் வந்த இறுதித் தீர்ப்பும் அவர்களுக்கு எதிராகவே அமைந்தது. தடுத்தவர் மீது குற்றமில்லை. நுழைந்தவரே பொறுப்பாளி என்பதே அன்றைய நீதி.

பொதுச் சாலை, கிணறு, குளம் யாவும் அனைவருக்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சட்டசபையில் நிறைவேற்றினார். ஆயினும் ஊர்வழக்கம் ஓயவில்லை. வழக்கத்தை வெல்லச் சட்டமே வேண்டும் என்று தெளிந்த ராஜா அவர்கள், 1938-இல் குடியுரிமைத் தடைநீக்கச் சட்டத்தைக் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார். சாதியைக் காட்டிப் பொதுக் கிணற்றிலோ பாதையிலோ ஒருவரைத் தடுப்பது குற்றமாயிற்று. அத்தகைய வழக்கத்தை நீதிமன்றங்கள் ஏற்றலும் ஆகாது என்றாயிற்று. குற்றப்பொறுப்பு, சென்றவரை விட்டுத் தடுத்தவரைச் சேர்ந்தது.

அதே ஆண்டில் அவர் கொணர்ந்த கோயில் நுழைவு மசோதா, அரசின் ஆதரவின்றித் தோற்றது. 1943-இல் அவர் மறைந்தார். அவர் இட்ட வித்து பொய்க்கவில்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் ஒருபடி சென்றது. பட்டியல் வகுப்பினருக்கு அச்சட்டத்தின்கீழ்க் குற்றம் இழைக்கப்பட்டால், அது தீண்டாமையின் பொருட்டே நிகழ்ந்ததென நீதிமன்றம் கொள்ளும். அன்று என மெய்ப்பிப்பது எதிர்த்தரப்பின் கடமை.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை வாழும் நம் இளைஞர்களே! சட்டம் தானே நடந்து நம் வாயிலுக்கு வாராது. புகாரைப் பிழையின்றி எழுதவும், சாட்சிக் கூண்டில் அஞ்சாது நிற்கவும் அறிந்தவரே அதன் பயனைப் பெறுவர். நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்வியை வற்புறுத்தி வருவதன் காரணமும் இதுவே. அப்பெருமகனார் ஓர் ஆசிரியர் என்பதை மறவாதீர்கள்.