கம்பெனியையே காவு வாங்கிய கார்... 90 வயசிலும் விற்க மனசு வராத ஓனர்கள்! ஆந்த்ரே சிட்ரோன் கதை

அடுத்த தடவை சிக்னல்ல நிக்கும்போது முன்னாடி ஒரு சிட்ரோன் கார் நின்னா, அதோட லோகோவை ஒரு நிமிஷம் கவனிச்சுப் பாருங்க. ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின ரெண்டு கூரை மாதிரி இருக்கும். நம்ம திருவள்ளூர் ஃபேக்டரியில் இருந்து வர்ற சி3 காரிலும் அதே லோகோதான். ஏதோ ஒரு டிசைனர் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து வரைஞ்சதுனு நினைச்சிருப்பீங்க. இல்லை பாஸ், அது ஒரு பல்சக்கரம். 22 வயசுல ஓர் இளைஞன் போலந்தில் பார்த்து, மயங்கி, உரிமையை விலைக்கு வாங்கிட்டு வந்த பல்சக்கரம்.

அந்த இளைஞன்தான் ஆந்த்ரே சிட்ரோன். அவர் பேரில் இன்னிக்கும் புதுசு புதுசா கார்கள் வருது. ஆனா, அவர் கடைசியா உருவாக்கிய காரைப் பத்தித்தான் இங்கே பேசப்போறோம். பேரு 'ட்ராக்ஷன் அவான்'. பிரெஞ்சில் 'முன்சக்கர இயக்கம்'னு அர்த்தம். இன்றைய பாஷையில் சொன்னா, டாக்டரும் வக்கீலும் கம்பெனி டைரக்டரும் வாங்குற எக்ஸிக்யூட்டிவ் செடான். 1934-ல் வந்து 1957-ல் நின்னுபோச்சு. ஆனா பிரான்ஸ், பிரிட்டன், நெதர்லாந்து, ஜெர்மனினு பல நாடுகளில் இந்த காருக்குன்னே கிளப்கள் இருக்கு. ஓனர்கள் அதை ஷோகேஸ்ல வெச்சுக் கும்பிடுறதில்லை, ஓட்டுறாங்க. லீவுக்கு ஆல்ப்ஸ் மலை ஏத்துறாங்க.

90 வயசு காரை ஏன் ஓட்டணும்? பதில் தெரியணும்னா அதைச் செஞ்ச மனுஷனோட கதை தெரியணும்.

எலுமிச்சைக் குடும்பம்

ஆந்த்ரே பிறந்தது 1878-ல், பாரிஸில். முன்னோர்கள் ஆம்ஸ்டர்டாமில் பழ வியாபாரம் செஞ்ச யூதர்கள். டச்சு மொழியில் 'சிட்ரோன்' என்றால் எலுமிச்சை. (ஆமா, உலகப் புகழ்பெற்ற கார் பிராண்டுக்கு நம்ம ஊர் பாணியில் பேர் வெச்சா 'எலுமிச்சை மோட்டார்ஸ்'!) அப்பா வைர வியாபாரி. ஆந்த்ரேவுக்கு 6 வயசு இருக்கும்போது அவர் தற்கொலை செய்துகொண்டார். போலந்தில் இருந்து வந்த அம்மாதான் பிள்ளைகளை வளர்த்தார்.

ஈஃபிள் டவர் கட்டி முடிக்கப்பட்டபோது ஆந்த்ரேவுக்கு 11 வயசு. ஊரே அண்ணாந்து பார்த்த அந்த இரும்புக் கோபுரத்தில் பின்னாளில் தன் பேரையே எழுதுவோம்னு அப்ப நினைச்சிருக்க மாட்டார். பிரான்ஸின் பெரிய இன்ஜினீயரிங் கல்லூரியான 'எகோல் பாலிடெக்னிக்'கில் படிச்சார். அம்மா இறந்த பிறகு 1900-ல் சொந்தக்காரங்களைப் பார்க்க போலந்து போனபோதுதான் அந்தப் பல்சக்கரம் கண்ணில் பட்டது. பற்கள் நேரா இல்லாம கூரை வடிவத்தில் வெட்டப்பட்டிருந்தால் சத்தம் குறைவு, வழுக்காது, பலமும் அதிகம். அந்த உரிமையை வாங்கி, பாரிஸில் கியர் கம்பெனி ஆரம்பிச்சார்.

முதல் உலகப் போர் வந்தது. 1915-ல் பாரிஸின் ஜாவெல் பகுதியில், சேன் நதிக்கரையில் பீரங்கிக் குண்டு தயாரிக்கும் பெரிய ஃபேக்டரியைக் கட்டினார். வேலை பார்த்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். அவங்களுக்கு கேன்டீன், குழந்தைகள் காப்பகம், பல் டாக்டர்னு அந்தக் காலத்திலேயே ஏற்பாடு செஞ்சிருந்தார். போர் முடிஞ்சதும் குண்டுக்கு வேலை இல்லை. அதே கட்டடத்தில் 1919-ல் முதல் சிட்ரோன் கார் வெளியே வந்தது. அமெரிக்காவில் ஃபோர்டு செஞ்சதை ஐரோப்பாவில் செஞ்சு காட்டிய கார் அது.

விளம்பரத்துல மனுஷன் வேற லெவல்

இன்னிக்கு மார்க்கெட்டிங் படிக்கிறவங்க இவர் படத்தை மாட்டி வெச்சுக்கலாம். 1925-ல் ஈஃபிள் டவர் முழுக்க சுமார் 2.5 லட்சம் பல்புகளால் தன் பேரை எழுதினார். கிட்டத்தட்ட பத்து வருஷம் பாரிஸ் ராத்திரியில் அது எரிஞ்சது. சகாரா பாலைவனம் தாண்டி ஆப்பிரிக்காவின் குறுக்கே வண்டிகளை அனுப்பினார். அடுத்து 1931-ல் பெய்ரூட்டில் இருந்து பீக்கிங் வரைக்கும். அதில் ஒரு குழு காஷ்மீரின் ஸ்ரீநகர் வழியா கில்கித் மலைப்பாதை வரை ஏறியிருக்கு. குழந்தைகள் விளையாட குட்டி சிட்ரோன் பொம்மைகளும் விற்றார். இன்னிக்குப் பொம்மை, நாளைக்குக் கார். கணக்கு அவ்வளவுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கு. மனுஷன் தீவிர சூதாட்டப் பிரியர். கடலோர ஊரான தோவில் கேசினோவில் அவர் தோற்ற கதைகள் பிரான்ஸ் முழுக்கப் பிரபலம். கம்பெனியை நடத்துறதிலும் அதே குணம்தான். சம்பாதிச்சதைச் சேர்த்து வைக்கிறது இல்லை. மொத்தத்தையும் அடுத்த ஆட்டத்துக்கு வைப்பார்.

கடைசி ஆட்டம்

1930-களின் ஆரம்பம். உலகப் பொருளாதாரமே படுத்துக் கிடக்கு. கடன் ஏறுது. வேற யாரா இருந்தாலும் செலவைக் குறைச்சிருப்பாங்க. இவர் 1933-ல் ஜாவெல் ஃபேக்டரியைப் பெரும்பாலும் இடிச்சு, சில மாசங்களிலேயே புதுசா கட்டினார். அதே வருஷம் மார்ச் மாசம் ஆந்த்ரே லெஃபேவ்ர் என்ற இன்ஜினீயரை வேலைக்கு எடுத்தார். விமானம் படிச்சுட்டு ரேஸ் கார் செஞ்சவர். அவரோடு ஃப்ளாமினியோ பெர்டோனி என்ற இத்தாலியச் சிற்பி. காரின் உருவத்தைப் பேப்பரில் வரையாம, களிமண் மாதிரியான பிளாஸ்டிசின்ல ஒரே ராத்திரியில் பெர்டோனி பிசைஞ்சு காட்டினார்னு சொல்வாங்க.

அந்தக் காலத்துக் கார்களை நினைச்சுப் பாருங்க. அடியில் கட்டில் சட்டம் மாதிரி ஒரு சேஸி. அதுமேல பாடியை ஏத்தி உட்கார வெச்சிருப்பாங்க. இன்ஜின் முன்னாடி, ஓடுற சக்கரம் பின்னாடி. ரெண்டையும் இணைக்க நடுவுல நீளமான ஷாஃப்ட். அதனால கார் உசரமா இருக்கும். ஏற ஃபுட்போர்டு வேணும். திருப்பத்தில் சாயும். ட்ராக்ஷன் அவானில் சேஸியே கிடையாது, பாடிதான் எலும்புக்கூடு. முன்சக்கரமே காரை இழுக்கும். ஷாஃப்ட் இல்லாததால தரை தட்டையா, தாழ்வா இருக்கும். ஹைட்ராலிக் பிரேக், ஸ்பிரிங் பட்டைகளுக்குப் பதிலா முறுக்குக் கம்பியில் சஸ்பென்ஷன். இதெல்லாம் தனித்தனியா வேற யாராவது முயற்சி பண்ணினதுதான். எல்லாத்தையும் ஒரே காரில் போட்டு, மாஸ் புரொடக்‌ஷனுக்குக் கொண்டுபோகத் துணிஞ்சதுதான் சிட்ரோனின் கெத்து.

ஆனா டைம் இல்லை. லெஃபேவ்ர் சேர்ந்து ஒரு வருஷம் சொச்சத்தில், 1934 வசந்த காலத்தில் கார் ஷோரூமுக்கு வந்தாகணும். கடன்காரங்க வாசல்ல நிக்கிறாங்க. இந்த காருக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போடணும்னு ஆந்த்ரேவுக்கு ஆசை. கடைசி நேரத்தில் அது சரியா வேலை செய்யலை. அதுக்குனு ஒதுக்கியிருந்த சின்ன இடத்தில் அவசர அவசரமா மூணு கியர் மேனுவல் பாக்ஸ் ஒண்ணைச் செஞ்சு திணிச்சாங்க. இந்தக் கியர்பாக்ஸை ஞாபகத்துல வெச்சுக்கோங்க.

கார் வந்தது. ஜனங்க அசந்துபோனாங்க. கூடவே புகாரும் குவிஞ்சது. முழுசா டெஸ்ட் பண்ணாம வந்த கார் இல்லையா... ஆரம்பகால வண்டிகள் நடுவழியில் நின்னுச்சு. ஒண்ணொண்ணா சரிசெய்ய செஞ்ச செலவு கடன் மேல கடனா ஏறுச்சு. 1934 டிசம்பரில் கம்பெனி திவாலாச்சு. அதிகமா கடன் கொடுத்திருந்த டயர் கம்பெனி மிஷெலின் நிர்வாகத்தை எடுத்துக்கிட்டது. (இன்னிக்கு மிஷெலின் டயர் ஃபேக்டரியும் நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கு. அந்தக் கடன்காரரும் கடனாளியும் ஒரே மாவட்டத்துக்காரங்க!)

தன் பேர் எழுதியிருந்த கம்பெனியில் இருந்து ஆந்த்ரே வெளியேறினார். ஏற்கெனவே வயித்துல புற்றுநோய். 1935 ஜூலை 3-ம் தேதி இறந்துபோனார். வயசு 57. கடைசிக் காருக்கு அப்ப ஒண்ணேகால் வயசு. அது ஜெயிக்குமா, தோக்குமானு அவருக்குத் தெரியாது.

அவர் பார்க்காத மிச்சக் கதை

அதே ஜூலை மாசத்தில், லியோன் பக்கத்தில் ஹோட்டல் நடத்திக்கிட்டிருந்த, ஐம்பதைத் தாண்டிய ஃபிரான்ஸுவா லெகோ ஒரு ட்ராக்ஷன் அவானை எடுத்துக்கிட்டுக் கிளம்பினார். ஒரு நாள் பாரிஸ் பக்கம், மறுநாள் மான்டி கார்லோ பக்கம். இப்படி ஒரு வருஷம். மொத்தம் 4 லட்சம் கிலோமீட்டர். சராசரி போட்டா தினமும் கிட்டத்தட்ட 1,100 கி.மீ. சென்னையில் இருந்து கன்னியாகுமரி போய், பாதி வழி திரும்பி வர்ற தூரம்.  கார் நம்பகமானதானு கேட்டவங்க வாயை அது அடைச்சது.

பிறகு நடந்தது சினிமாவையே தூக்கிச் சாப்பிடும். இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸைப் பிடிச்ச ஜெர்மானிய ரகசியப் போலீஸ் இதே கறுப்புக் காரில்தான் வந்து ஆட்களைத் தூக்கிட்டுப் போச்சு. அவங்களை எதிர்த்த தலைமறைவுப் போராளிகளும் இதே காரில்தான் பறந்தாங்க. போர் முடிஞ்ச பிறகு பாரிஸைக் கலக்கிய ஒரு கொள்ளைக் கும்பலுக்கு 'ட்ராக்ஷன் கேங்'னே பேர். துரத்திய போலீஸ் வண்டி? அதுவும் ட்ராக்ஷன்தான். ரோட்டை விட்டு விலகாம திருப்பத்தில் போற கார் வேற கிடைக்காதே! ஜனங்க வெச்ச செல்லப் பேரு 'சாலையின் ராணி'. 23 வருஷத்தில் ஏழரை லட்சத்துக்கும் மேல விற்றது.

இப்ப அந்த ஓனர்கள்கிட்ட வருவோம்.

அதே காலத்து மற்ற கார்களை ஓட்டினா மியூசியம் பொருளை ஓட்டுற ஃபீல்தான் வரும். இதுல அப்படி இல்லை. தாழ்வா உட்கார்ந்து, திருப்பத்தில் சாயாம போகும்போது, இன்றைய கார் ஓட்டுற பழக்கத்தோடவே போகலாம். நீங்க இப்ப ஓட்டுற ஹேட்ச்பேக்கும் பெரும்பாலும் முன்சக்கரம் இழுக்கிற, சேஸி இல்லாத வண்டிதானே? வெயில் காலத்தில் முன்கண்ணாடியின் அடிப்பகுதியை வெளியே தள்ளித் திறந்தால் காத்து நேரா முகத்துல அடிக்கும். ரிப்பேர் வந்தா, இன்ஜின், கியர்பாக்ஸ், முன்சக்கரம்னு முன்பகுதி மொத்தத்தையும் சில போல்ட்களைக் கழட்டி ஒரே துண்டா வெளியே உருட்டிடலாம். இன்ஜின் சிலிண்டர் தேஞ்சா உள்ளே இருக்கும் லைனரை மட்டும் மாத்தினா போதும். பார்ட்ஸ் இன்னமும் புதுசா தயாராகி விற்பனைக்கு வருது. வேகத்தைவிட, இப்படி சாவதானமா கை வெச்சு சரிபண்ண முடியுறதுதான் இதோட நிஜமான வசியம்னு எனக்குத் தோணுது. இன்னிக்கு வர்ற லக்ஸுரி செடானை 2110-ல் யாராவது வீட்டு ஷெட்டுல பிரிச்சு மாட்ட முடியுமா, சொல்லுங்க?

குறையும் உண்டு. நிக்கிற காரில் ஸ்டீயரிங்கைத் திருப்ப ஜிம் பாடி வேணும். யூ-டர்ன் அடிக்க நல்ல அகலமான ரோடு வேணும். அவங்களுக்குள்ள ஒரு கனவும் ஓடிக்கிட்டே இருக்கு. 1934 பாரிஸ் கண்காட்சியில் எட்டு சிலிண்டர் ட்ராக்ஷன் ஒண்ணை ஆந்த்ரே காட்டினார். கம்பெனி கைமாறினதும் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. செஞ்ச சில வண்டிகளில் ஒண்ணுகூட இதுவரை கிடைக்கலை. எங்கேயோ ஒரு பழைய ஷெட்டுல வைக்கோலுக்கு அடியில் தூங்குதுனு நம்புற ஓனர்கள் இருக்காங்க.

அப்புறம் அந்தக் கியர்பாக்ஸ். முழுக்காரிலும் பலவீனமான பார்ட் அதுதான். டேஷ்போர்டுல இருந்து நீட்டிக்கிட்டிருக்கிற கம்பியைப் பிடிச்சு மாத்தணும். அவசரப்பட்டா பல் நொறுங்கும், பர்ஸும் காலியாகும். பின்னாளில் வந்த சிட்ரோன்களின் 4 கியர் பாக்ஸை எடுத்துப் பொருத்திக்கறவங்க இருக்காங்க. கிளப்களில் இதுக்கு ஆதரவா, எதிரா விவாதம் ஓயறதே இல்லை. பழசையே வெச்சிருக்கிறவங்க, ஒண்ணாவது கியரில் இருந்து எடுத்து, நியூட்ரல்ல ஒரு நொடி நிறுத்தி, அப்புறம்தான் ரெண்டாவதுக்குத் தள்ளுவாங்க. 1934-ல் ஆந்த்ரேவுக்குக் கிடைக்காத ஒரு நொடி அது.