இரண்டே வாரத்தில் பத்து விமானங்கள்!



நம்ம கேளம்பாக்கம் உப்பளத்துப் பக்கம் சாயங்காலம் நின்னு பார்த்திருக்கீங்களா? வானம் முழுசா தெரியும். தாம்பரம் விமானப்படை நிலையம் நமக்கு ரொம்ப தூரம் இல்லை. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களையே உருவாக்குகிற பயிற்சிப் பள்ளி அங்கேதான் இருக்கிறது. அதாவது வாத்தியார்களுக்கே வாத்தியார் பள்ளிக்கூடம்! சத்தம் கேட்டதும் அண்ணாந்து பார்ப்பது எனக்குச் சின்ன வயசுப் பழக்கம். அப்படிப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும். முதல் உலகப்போரில் வானத்தில் சண்டை போட்ட இந்தியர் யாராவது உண்டா? தேடிப் படித்தபோது கிடைத்த பெயர்தான் இந்திர லால் ராய். அவருடைய கதையை உங்களுக்குச் சொல்லத்தான் இந்தப் பக்கம்.

பிறப்பும் குடும்பமும்

இந்திர லால் ராய் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். அப்பா பியாரி லால் ராய் ஒரு பாரிஸ்டர். அம்மா பெயர் லலிதா ராய். 1901-இல் அம்மா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு லண்டனுக்குக் குடிபோனார். அப்போ இந்திராவுக்கு மூணு வயசுகூட நிறையல. வீட்டில் எல்லோரும் அவரை லாடி என்று செல்லமாகக் கூப்பிடுவார்களாம்.

அம்மாவைப் பற்றி ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். அந்தக் காலத்தில் இங்கிலாந்துப் பெண்களுக்கே ஓட்டுரிமை கிடையாது. அதற்காகப் பெண்கள் பெரிய போராட்டம் நடத்தினார்கள். 1911 ஜூன் மாதம் லண்டனில் ஒரு மாபெரும் ஊர்வலம் நடந்தது. அதில் புடவை கட்டிக்கொண்டு நடந்த இந்தியப் பெண்களில் லலிதா ராயும் ஒருவர். இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளை பயந்தாங்கொள்ளியாக இருக்க முடியுமா? அண்ணன் பரேஷ் லால் ராயும் பின்னாளில் இந்தியக் குத்துச்சண்டையின் தந்தை என்று பெயர் வாங்கினார்.

இந்திரா படித்தது லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளியில். 1914-இல் முதல் உலகப்போர் ஆரம்பித்தது. அதே வருஷம் செப்டம்பர் 22 இரவில்தான் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் நம்ம சென்னைத் துறைமுகத்துக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. இன்னைக்கும் கெட்டிக்காரப் பயலைப் பார்த்து எம்டன்னு சொல்றோமே, அது அங்கிருந்து வந்ததுதான். அப்போது இந்திராவுக்குப் பதினைந்து வயது. பள்ளியில் படித்துக்கொண்டே ஒரு சிறு பீரங்கிக்கு வரைபடம் போட்டுப் போர் அலுவலகத்துக்கு அனுப்பி வைத்தாராம்!

கண் சரியில்லை என்றார்கள்

பள்ளி முடித்ததும் விமானப் படையில் சேரப் போனார். அன்றைக்கு அதற்கு ராயல் பிளையிங் கார்ப்ஸ் என்று பெயர். கண்ணைப் பரிசோதித்துவிட்டு, பார்வை போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஏன்னா எட்டாவது படிக்கும்போதிலிருந்து நானும் கண்ணாடி போடுகிறேன். விமானி ஆகணும்னு சொன்னா, முதல்ல கண்ணாடியக் கழட்டுன்னு பசங்க சிரிப்பாங்க.

இந்திரா வீட்டில் உட்கார்ந்து அழவில்லை. தன்னிடம் இருந்த மோட்டார் சைக்கிளை விற்றார். அந்தப் பணத்தில் இங்கிலாந்தின் பெரிய கண் மருத்துவர் ஒருவரிடம் போய் மறுபடி பரிசோதனை செய்துகொண்டார். பார்வை நன்றாகத்தான் இருக்கிறது என்று அந்த மருத்துவர் சொன்ன பிறகு முதல் முடிவு மாறியது. 1917 ஜூலை 5-இல் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். வயது பதினெட்டு. நம்ம பள்ளியில் பன்னிரண்டாவது முடித்துப் போகிற அண்ணன்களின் வயது!

செத்துப் பிழைத்தவர்

பயிற்சிக்குப் பிறகு அக்டோபர் கடைசியில் பிரான்சில் 56-ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்தது எஸ்.இ.5ஏ என்ற விமானம். ஒரே ஆள்தான் உட்காரலாம். மேலே கூரை கிடையாது. மரச் சட்டம், அதன்மேல் துணி. வேகம் மணிக்குச் சுமார் 220 கிலோமீட்டர். இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள். பாராசூட்? கிடையவே கிடையாது! அந்தப் போரில் பிரிட்டிஷ் விமானிகளுக்குப் பாராசூட் கொடுக்கவில்லை. ஜெர்மன் விமானிகளுக்கு 1918-இல் கொடுக்க ஆரம்பித்தார்கள். விமானம் தீப்பிடித்தால் இந்திரா மாதிரி ஆட்களுக்குத் தப்ப வழியே இல்லை.

1917 டிசம்பர் 6-ஆம் தேதி அவருடைய விமானம் இறங்கும்போது நொறுங்கியது. இதைப் பற்றி ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. செத்துவிட்டார் என்று நினைத்து அவரைப் பிணவறையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்களாம். ராத்திரி கண் விழித்தவர் எழுந்து கதவைத் தட்டியிருக்கிறார். காவலுக்கு இருந்தவருக்குக் கைகால் நடுங்கி, உடனே கதவைத் திறக்கவே இல்லையாம். நமக்கு இப்போ சிரிப்பு வருது. உள்ளே இருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்?

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் விமானங்களைப் படமாக வரைந்து தள்ளினார். அந்தப் படங்கள் பல இன்னமும் இருக்கின்றன. இனி பறக்கத் தகுதியில்லை, தளவாட அதிகாரியாக இருக்கலாம் என்றார்கள். விடாமல் கேட்டுக் கேட்டு மறுபடியும் விமானம் ஏறினார். 1918 ஜூன் மாதம் 40-ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்தார். அங்கே அவருடைய தலைவர் ஜார்ஜ் மெக்எல்ராய் என்ற அயர்லாந்துக்காரர், பெரிய வீரர். ஆளைப் பிடித்துப்போய் அவரே வித்தைகளைக் கற்றுக்கொடுத்தார்.

வானத்தில் எப்படிச் சண்டை?

அப்போது ராடார் கிடையாது. எதிரி விமானம் வருகிறதா என்று கண்ணால்தான் பார்க்கணும். அதனால்தான் கண் பரிசோதனைக்கு அத்தனை மதிப்பு. நம்ம கழிமுகத்தில் பருந்து மீன் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் உயரத்தில் வட்டம் போடும். சரியான நேரம் வந்ததும் விர்ரென்று இறங்கும். விமானச் சண்டையும் அதே கணக்குத்தான். உயரத்தில் இருப்பவனுக்கே வேகம் கிடைக்கும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டால் கீழே இருப்பவனுக்குக் கண் கூசும். இரண்டு பேர் உட்காரும் விமானத்தில் பின்னால் ஒருவர் துப்பாக்கியோடு இருப்பார். அவருக்குத் தெரியாத இடம் வாலுக்குக் கீழே. அங்கே போய்ச் சேரணும்.

பிரிட்டனிடம் டி.எச்.4 என்ற குண்டுவீச்சு விமானம் இருந்தது. அதன் வேகம் பல சண்டை விமானங்களுக்குச் சமம். துரத்திப் பிடிப்பது கஷ்டம் என்பதால் ஜெர்மன் விமானிகள் முன்கூட்டியே உயரத்தில் காத்திருந்து பாயவேண்டியிருந்தது. டி.எச்.4-ஐ வடிவமைத்த டி ஹாவிலண்ட் பின்னாளில் தொடங்கிய நிறுவனம்தான் இரண்டாம் உலகப்போரில் மஸ்கிட்டோ என்ற மர விமானத்தைச் செய்தது. மஸ்கிட்டோ என்றால் கொசு. அதன் குண்டுவீச்சு வகையில் துப்பாக்கியே கிடையாது. வேகம்தான் ஆயுதம். 1943 ஜனவரி 30 அன்று பட்டப்பகலில் பெர்லினுக்கு மேலே மூன்று கொசுக்கள் பறந்துபோய், ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் வானொலியில் பேச இருந்த கூட்டத்தையே தாமதமாக்கின. கடைசியில் அந்தக் கொசுவை அடிக்க ஜெர்மானியர்கள் இரவில் ஜெட் விமானத்தையே அனுப்பிப் பார்த்தார்கள்!

இதே கோரிங் முதல் உலகப்போரில் சண்டை விமானி. 1918 ஜூலையில்தான் அவர் புகழ்பெற்ற ரிக்ட்ஹோஃபன் படைப்பிரிவுக்குத் தலைவர் ஆனார். நம்ம இந்திராவின் மாதமும் அதே ஜூலைதான்.

அந்த ஜூலை

ஜூலை 6: முதல் வெற்றி. இரண்டு பேர் உட்காரும் ஹனோவர் விமானம்.
ஜூலை 8: நான்கு மணி நேரத்துக்குள் மூன்று.
ஜூலை 13: இரண்டு.
ஜூலை 15: இரண்டு.
ஜூலை 18: ஒன்று.
ஜூலை 19: ஒன்று.

கூட்டிப் பாருங்கள், பத்து! இதில் இரண்டு தோழர்களோடு பகிர்ந்துகொண்ட வெற்றி. ஐந்து விமானத்தை வீழ்த்தினாலே ஏஸ் என்பார்கள். இவர் அதைப்போல் இரண்டு மடங்கு. மொத்தம் பறந்திருந்த நேரமோ 170 மணிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

ஜூலை 22. பிரான்சில் கார்வின் என்ற ஊருக்கு மேலே ஜெர்மனியின் 29-ஆம் சண்டைப் பிரிவைச் சேர்ந்த ஃபோக்கர் டி.7 விமானங்களோடு மோதல். அந்தப் போரின் மிகச் சிறந்த சண்டை விமானம் என்று பலரும் சொல்வது இந்த ஃபோக்கரைத்தான். போர் முடிந்தபோது இதைக் கட்டாயம் ஒப்படைக்கணும் என்று ஒப்பந்தத்திலேயே பெயர் சொல்லி எழுதினார்கள் என்றால் பாருங்களேன். அந்தச் சண்டையில் இந்திராவின் விமானம் கீழே விழுந்தது. இந்த முறை கதவைத் தட்ட அவர் எழுந்திருக்கவில்லை.

வயது பத்தொன்பது. அவருக்குக் கற்றுக்கொடுத்த மெக்எல்ராயும் ஒன்பது நாள் கழித்து ஜூலை 31-இல் இறந்தார். போர் முடிந்தது நவம்பர் 11-இல். இன்னும் நாலு மாசம் தாக்குப்பிடித்திருந்தால் வீடு திரும்பியிருப்பார்.

செப்டம்பர் மாதம் டி.எஃப்.சி. என்ற வீரப் பதக்கம் அறிவித்தார்கள். அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். ஆனால் வாங்கிக்கொள்ள அவர் இல்லை. பிரான்சில் எஸ்தவெல் என்ற சின்ன ஊரின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1998 டிசம்பரில் நூற்றாண்டு நினைவாக நம் நாட்டுத் தபால் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

ஒரு கேள்வி

இதை எழுதும்போது என் நண்பன் ஒரு கேள்வி கேட்டான். நம்மை அடிமையாக வைத்திருந்த வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவரை எதுக்குடா சுவர் பத்திரிகையில் போடறே என்று. எனக்கு உடனே பதில் வரவில்லை. இரண்டு நாள் யோசித்தேன்.

அவன் கேட்டது நியாயம்தான். அந்தப் போர் நம்ம போர் இல்லை. இந்திரா சுட்டு வீழ்த்திய விமானங்களில் இருந்தவர்களும் யாரோ ஒரு அம்மாவின் பிள்ளைகள்தான். அதை மறைத்துவிட்டு வெறும் வீரக்கதையாகச் சொன்னால் பாதிதான் உண்மை.

மீதிப் பாதியும் இருக்கு. அந்த நாளில் இந்தியனுக்கு அதிகாரிப் பதவி கொடுப்பதே அபூர்வம். மேற்குப் போர்முனைக்கு மேலே பறந்த இந்தியர்கள் நான்கே பேர். ஹர்தித் சிங் மாலிக் தலைப்பாகையை விடமாட்டேன் என்று, அதன்மேலேயே தனித் தொப்பி போட்டுப் பறந்தார். வெலிங்கர் 1918-இல் உயிரை விட்டார். சென் ஜெர்மானியரிடம் கைதியானார். நான்காவது ஆள் இந்திரா. இந்தியனால் முடியாது என்று இனி யாரும் சொல்லமுடியாதபடி செய்தவர்கள் இவர்கள். 1932 அக்டோபர் 8-இல் இந்திய விமானப்படை பிறந்தது. நம்ம தலைக்கு மேலே இன்றைக்குப் பறக்கிற விமானத்தை நம்ம ஆட்கள் நமக்காக ஓட்டுகிறார்கள். நண்பனிடம் இதைச் சொன்னேன். சரி, இரண்டு பக்கத்தையும் எழுது என்றான். எழுதிவிட்டேன்.

என் கண்ணாடி கழலுமா, தெரியாது. மோட்டார் சைக்கிளை விற்றால் எல்லாருக்கும் பார்வைச் சான்றிதழ் கிடைச்சுடும்னு நான் சொல்ல வரல. முதல் முறை இல்லை என்று சொன்னால், இன்னொரு தடவை சரியான இடத்தில் கேட்டுப் பார்க்கலாம். அப்புறமும் இல்லை என்றால், விமானத்தைப் படமாகவாவது வரையலாம். இந்திரா ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதைத்தானே செய்தார்?

அடுத்த முறை மேலே சத்தம் கேட்டால் நீங்களும் அண்ணாந்து பாருங்கள். பத்தொன்பது வயதில் போய்விட்ட அந்த அண்ணனைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.