தோளில் சுமந்த சுஷி

சுஷி என்றதும் நம்மில் பலருக்குப் பெரிய ஓட்டலும் பெரிய விலைச்சீட்டுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால், நண்பர்களே, இன்று உலகறிந்த கைப்பிடிச் சுஷி தெருவில் வளர்ந்த உணவு. தச்சனும் கூலியாளும் நின்றபடியே தின்றுவிட்டு நடந்த உணவு. அதனோடு நீங்காமல் இணைந்துவிட்ட பெயர் ஹனாயா யோஹெய். அவரைப் பற்றியே நான் இங்கு எழுத விழைகிறேன்.

யோஹெய் பிறந்த ஆண்டு 1799. இன்றைய டோக்கியோவுக்கு அன்று எடோ என்று பெயர். சிறு வயதிலேயே அந்நகரின் குராமாயே பகுதியில் ஓர் அரிசித் தரகர் கடையில் வேலைக்கு அமர்ந்தார். சாமுராய்களுக்கு ஊதியமாகக் கிடைத்த அரிசியைக் காசாக்கித் தருவதும், அதன்பேரில் கடன் கொடுப்பதும் அத்தரகர்களின் தொழில். செல்வம் புரண்ட இடம் அது. நல்ல உணவின் அருமையை அவர் அங்கேதான் அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இளமையிலேயே அவ்வேலையை விட்டார். வேறு தொழில்கள் பலவற்றில் கை வைத்தார், ஒன்றும் நிலைக்கவில்லை. இறுதியில் சுஷிக்கு வந்து சேர்ந்தார்.

பழைய சுஷி பொறுமைக்காரர்களின் உணவு. உப்பிட்ட மீனைச் சோற்றுக்குள் புதைத்து, மேலே கல் ஏற்றி, மாதக்கணக்கில் புளிக்க வைப்பார்கள். பின்னர் சோற்றில் வினிகர் கலந்து, மீனை மேலே பரப்பி, பெட்டியில் இட்டு அழுத்தும் முறை வந்தது. அதற்கும் சில மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். அப்படி அழுத்தும்போது மீனின் கொழுப்பும் சுவையும் பிழிந்து போகின்றனவே என்பதுதான் யோஹெய்யின் குறை. பெட்டியை விட்டார், கையையே அச்சாக்கினார். ஒரு பிடி சோறு, அதன்மேல் ஒரு துண்டு மீன், இரண்டொரு அழுத்தம். அவ்வளவுதான்! மாதங்கள் நொடிகளாகிவிட்டன.

இதை அவர் ஒருவரே கண்டார் என்பதை ஆய்வாளர் எல்லாரும் ஒப்புவதில்லை. செம்மைப்படுத்திப் புகழ் பெறச் செய்தவர் அவர் என்ற அளவில் எனக்கும் உடன்பாடே. இன்னொருவரையும் மறத்தலாகாது. ஹண்டா ஊரின் நகானோ மதாஸாயெமோன் என்னும் மது வடிப்பாளர், அரிசி மதுவின் மண்டியிலிருந்து வினிகர் செய்யும் தொழிலை 1804இல் தொடங்கினார். அந்த மலிவான வினிகர் கப்பலேறி எடோவுக்கு வந்திராவிட்டால், தெருச் சுஷி ஏழைகளுக்கு எட்டியிருக்குமா?

யோஹெய் முதலில் சுஷிப் பெட்டியைச் சுமந்து தெருத்தெருவாக விற்றார். 1824இல் சுமிடா ஆற்றங்கரையில், ரியோகோகு பாலத்தருகே கடை திறந்தார். மக்கள் வேடிக்கைக்குக் கூடும் இடம் அது. பனிக்கட்டி இல்லாத காலமாதலால் மீனை உப்பிலும் வினிகரிலும் ஊற வைத்தார்கள், இறாலை அவித்தார்கள், கடல் விலாங்கைக் கொதிக்க வைத்தார்கள். எடோவின் தெருக்கடைகளில் ஒரு சுஷி 4 மொன் முதல் 8 மொன் வரை விற்றது. ஒரு கிண்ணம் சோபா 16 மொன். சுஷியின் அளவோ இன்றையதைப்போல் இருமடங்குக்கும் மேல். இரண்டு தின்றால் பசி ஆறிவிடும்.

யோஹெய்யின் கடை மட்டும் நாளடைவில் உயர்ந்துகொண்டே போனது. செல்வர் வீட்டு ஆட்கள் வாசலில் காத்து நின்றார்கள், விலையும் ஏறியது. அதுவே அவருக்கு வினையாயிற்று. 1841இல் அமைச்சர் மிசுனோ தடகுனி ஆடம்பரத்தை ஒடுக்கும் சீர்திருத்தங்களைத் தொடங்கினார். விலைமிக்க சுஷி விற்றார்கள் என்று இருநூறுக்கும் மேற்பட்ட வணிகர்களுக்குக் கைவிலங்கு பூட்டப்பட்டது. யோஹெய்யும் அவர்களில் ஒருவர். எந்தக் கையால் சோறு பிடித்தாரோ, அந்தக் கைக்கே விலங்கு! பசித்தவனுக்கென்று எளிமையாக்கிய உணவைச் செல்வர் பண்டமாக்கிய பங்கு அவருக்கும் உண்டு, மறைப்பானேன்? ஆயினும் சோற்றுப் பிடிக்கு விலங்கு மாட்டிய அரசை என்னால் மெச்ச முடியவில்லை.

1843இல் மிசுனோ பதவி இழந்தார், கெடுபிடி தளர்ந்தது. யோஹெய் 1858இல் மறைந்தார். அவர் வழிவந்தோர் அக்கடையை 1930களின் தொடக்கம் வரை நடத்தினார்கள்.

அவர் மறைந்து சரியாக நூறாண்டு கழித்து, 1958இல், ஒசாகா அருகே ஷிராயிஷி யோஷியாகி என்பவர் ஒரு சிறு சுஷிக் கடையில் நகரும் பட்டையை அமைத்தார். பீர் ஆலையில் புட்டிகள் வரிசையாக நகர்வதைக் கண்டு பிறந்த யோசனை அது. தட்டுகள் தாமாகவே சுற்றி வந்தன, பரிமாற ஆள் குறைந்தது, விலையும் இறங்கியது. ஆலைத் தொழிலாளிகள் வந்து உட்கார்ந்தார்கள்.