தமிழ் சினிமாவின் முதல் கனவுக்கன்னி.. பாண்டி பஜாரில் சொந்தமா தியேட்டர் கட்டிய டி.ஆர்.ராஜகுமாரி! யார் இவர்?

பெசன்ட் நகரில் இருந்து அடையாறு பாலம் தாண்டி, தீபாவளிக்குத் துணி எடுக்க தி.நகர் பாண்டி பஜாருக்குப் போகாத குடும்பம் இருக்குமா? அந்த பஜாரில் ஒரு காலத்துல ராஜகுமாரி என்று ஒரு தியேட்டர் இருந்தது. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் அங்கே படம் பார்த்த கதையை இப்பவும் சொல்வார்கள்.

ஏதோ ராஜா ராணி கதையில் இருந்து எடுத்த பெயர் என்று நினைக்க வேண்டாம். அது ஒரு நடிகையின் பெயர். அந்த தியேட்டரைக் கட்டியதும் அவரேதான். 1940களில் தமிழ்நாட்டையே கிறங்கடித்த டி.ஆர்.ராஜகுமாரி.

யார் இந்த ராஜகுமாரி? இன்றைக்கும் அவரைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

தஞ்சாவூர் ராஜாயி

1922ஆம் ஆண்டு மே 5ஆம் தேதி தஞ்சாவூரில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் ராஜாயி. பாட்டி குஜலாம்பாள் அந்தக் காலத்தில் பேர் பெற்ற கர்நாடக சங்கீதப் பாடகி. சித்தி எஸ்.பி.எல்.தனலட்சுமி சினிமா நடிகை. பாட்டும் ஆட்டமும் வீட்டிலேயே இருந்ததால், ராஜாயி அதைத் தேடி வெளியே போக வேண்டியிருக்கவில்லை.

ஆனால் சினிமா எடுத்த எடுப்பிலேயே கைகொடுத்துவிடவில்லை. ஆரம்பத்தில் நடித்த படங்கள் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. திருப்பம் வந்தது 1941ல். இயக்குநர் கே.சுப்ரமணியம், தன் கச்ச தேவயானி படத்துக்கு அவரைக் கதாநாயகி ஆக்கினார். நல்ல கறுப்பாக இருக்கும் பெண்ணா கதாநாயகி என்று சிலர் தயங்கினார்கள், சுப்ரமணியம்தான் பிடிவாதமாக நின்றார் என்று சினிமா வட்டாரத்தில் ஒரு கதை உண்டு. படம் ஓடியது. ராஜாயி, ராஜகுமாரி ஆனார்.

அடுத்தடுத்து வரிசையாக வாய்ப்புகள். 1942ல் பி.யு.சின்னப்பாவுடன் மனோன்மணி, 1943ல் குபேர குசேலா. அதே ஆண்டு எம்.கே.தியாகராஜ பாகவதருடன் சிவகவி. அன்றைய தமிழ் சினிமாவில் சூப்பர் ஸ்டார்கள் என்றால் அந்த இரண்டு பேர்தான். இருவருடனும் ஜோடியாக நின்று ரசிகர்கள் மனதில் பதிந்தவர் ராஜகுமாரி. கனவுக்கன்னி என்ற பட்டம் தமிழில் முதன்முதலாக ஒட்டிக்கொண்டதும் அவருக்குத்தான்.

மூன்று தீபாவளி பார்த்த ஹரிதாஸ்

1944 தீபாவளிக்கு வந்தது ஹரிதாஸ். அதில் ராஜகுமாரிக்கு ரம்பா என்ற தாசி வேடம். பெற்றோரை மறந்து திரியும் ஹரிதாசனை மயக்கி, அவன் சொத்தைச் சுருட்டும் பாத்திரம். பாகவதர் சாருகேசி ராகத்தில் பாடும் மன்மத லீலைப் பாட்டில், எதிரே நிற்கும் ராஜகுமாரியின் கண்ணையும் சிரிப்பையும் பார்க்கவே கூட்டம் திரும்பத் திரும்ப வந்தது.

சென்னை பிராட்வே தியேட்டரில் அந்தப் படம் 1944, 1945, 1946 என்று மூன்று தீபாவளிகளைப் பார்த்தது. இதற்கு நடுவில், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதாகி சிறைக்கே போய்விட்டார். படம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

முரசு மேல் ஆடிய சந்திரலேகா

ராஜகுமாரியை தமிழ்நாட்டுக்கு வெளியே கொண்டு போனது ஜெமினி எஸ்.எஸ்.வாசனின் சந்திரலேகா. வருடக்கணக்கில் எடுக்கப்பட்டு, சுமார் 30 லட்சம் ரூபாய் விழுங்கி, 1948 ஏப்ரலில் வெளியானது. அந்தக் காலத்துல இது நம்ப முடியாத தொகை. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியிலும் வந்து வடநாட்டில் சக்கைப்போடு போட்டது. தென்னிந்தியாவில் எடுத்த படத்தை இந்தியா முழுக்க விற்க முடியும் என்று காட்டிய படம் அது. இன்று பான் இந்தியா என்கிறார்களே, அதற்கு அன்றே போட்ட பிள்ளையார் சுழி.

படத்தின் உச்சம் முரசு நடனம். பிரமாண்டமான முரசுகள் வரிசையாக நிற்க, அதன் மேல் பெண்கள் ஆடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் முரசுகளைக் கிழித்துக்கொண்டு உள்ளிருந்து வீரர்கள் பாய்வார்கள். கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தன்னை அடைய நினைக்கும் வில்லன் சசாங்கனுக்குச் சம்மதிப்பது போல நடித்து, இந்த நடனத்துக்கு ஏற்பாடு செய்வது சந்திரலேகாதான். காப்பாற்ற நாயகன் வருவான் என்று காத்திருக்காமல், நாயகனைக் காப்பாற்றும் நாயகி!

கதாநாயகி டூ வில்லி

1950களில் சினிமா மாறியது. பாட்டு குறைந்து வசனம் கூடியது. சிவாஜி, எம்.ஜி.ஆர் என்று புது முகங்கள் வந்தன. பத்மினி, சாவித்திரி என்று அடுத்த தலைமுறை நாயகிகள் வந்தார்கள். பழைய நட்சத்திரங்கள் பலர் இந்த மாற்றத்தில் காணாமல் போனார்கள்.

ராஜகுமாரி வழியை மாற்றிக்கொண்டார். 1954ல் வந்த மனோகரா படத்தில் வசந்தசேனை. அரசனை மயக்கி, அரசியையும் மகனையும் ஒதுக்கி வைக்கும் வில்லி. கலைஞர் வசனத்தை சிவாஜியும் கண்ணாம்பாவும் இடி மாதிரி முழங்கிய அந்தப் படத்தில், அவர்களுக்கு எதிரே சளைக்காமல் நின்றவர் ராஜகுமாரி.

அக்கா, தம்பி கம்பெனி

கேமரா முன்னால் நிற்பதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. தம்பி டி.ஆர்.ராமண்ணாவுடன் சேர்ந்து ஆர்.ஆர்.பிக்சர்ஸ் என்ற படக் கம்பெனியைத் தொடங்கினார். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படம் எது? கூண்டுக்கிளி. 1954ல் ராமண்ணா இயக்கத்தில் அதை எடுத்தது இந்தக் கம்பெனிதான்.

இரண்டு பெரிய நட்சத்திரங்கள் இருந்தும் படம் போகவில்லை. அதோடு கம்பெனியை மூடிவிட்டுப் போகவில்லை அக்காவும் தம்பியும். அடுத்த ஆண்டே எம்.ஜி.ஆரை வைத்து குலேபகாவலி எடுத்தார்கள். ராஜகுமாரியும் அதில் நடித்தார். படம் பெரிய ஹிட்.

சொந்தப் பெயரில் ஒரு தியேட்டர்

ராஜகுமாரி எடுத்த முடிவுகளில் பெரியது, பாண்டி பஜாரில் தன் பெயரிலேயே தியேட்டர் கட்டியது. தென்னிந்தியாவில் சொந்தமாக தியேட்டர் கட்டிய முதல் நடிகை என்று அவரைச் சொல்வார்கள்.

இது ஏன் பெரிய விஷயம்? அவர் திரையில் கொடிகட்டிப் பறந்த 1940களில் பெசன்ட் நகர் என்று ஒரு நகரே கிடையாது. தி.நகரே மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவாகி இருபது வருடம்தான் ஆகியிருந்தது. சினிமாவில் நடிக்கும் பெண்ணை ரசிப்பார்கள், ஆனால் மரியாதைக் குறைவாகத்தான் பேசுவார்கள். படத்தின் லாபம் முதலாளிக்கும் தியேட்டர்காரருக்கும் போகும். நடிகைக்கு சம்பளம் மட்டும்தான், அதுவும் மவுசு இருக்கும் வரைக்கும். ராஜகுமாரி சம்பளம் வாங்கும் இடத்தில் இருந்து, டிக்கெட் விற்கும் இடத்துக்கு வந்தார். முகம் மாறினாலும் நிலம் மாறாது என்ற கணக்கு அது.

அவரோடு நடித்தவர்களைப் பார்த்தால் இதன் அருமை புரியும். பாகவதர் சிறையில் இருந்து வெளியே வந்த பிறகு பழைய உயரத்தைத் தொடவே இல்லை, 1959ல் மறைந்தார். சின்னப்பா 1951ல் நடு வயதுக்கு முன்பே போய்விட்டார். அடுத்த தலைமுறையில், அதே தி.நகரில் வசித்த சாவித்திரி, 1971ல் தானே தயாரித்து இயக்கிய பிராப்தம் படத்தில் பெரும் நஷ்டம் கண்டார். சேர்த்ததை எல்லாம் இழந்து 1981ல் மறைந்தார். உச்சத்தில் இருந்தவர்கள் கதை பலதும் இப்படித்தான் முடிந்தது. ராஜகுமாரி கதை அப்படி முடியவில்லை.

36 ஆண்டு மௌனம்

1963ல் வந்த வானம்பாடிதான் கடைசிப் படம். அப்போது அவருக்கு வயது 41. அம்மா வேடம், பாட்டி வேடம் என்று இழுத்துக்கொண்டு போகாமல், தானாகவே விலகிக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதன் பிறகு வெளிச்சத்துக்கு வராமல் அமைதியாக வாழ்ந்தார். 1999 செப்டம்பர் 20ஆம் தேதி, 77வது வயதில் காலமானார். நடித்த காலத்தை விட நடிக்காமல் வாழ்ந்த காலம்தான் அவருக்கு அதிகம்.

ராஜகுமாரி தியேட்டரும் இன்று இல்லை. அதை இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டிவிட்டார்கள். பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தாச்சு. பைகளோடு நடக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. ஆனால் சந்திரலேகாவின் முரசு நடனத்தை இப்பவும் போனிலேயே பார்க்கலாம். பார்க்கும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த முரசு மேல் ஆடும் பெண், ஆடிச் சம்பாதித்த காசில் சென்னையின் நடு பஜாரில் தனக்கென்று ஒரு திரையையே வாங்கியவர்.