உ.வே.சா.வுக்குச் சோறிட்ட ஊர்கள்

உ.வே.சாமிநாதையர் என்றவுடன் சீவக சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் நினைவுக்கு வருகின்றன. அந்நூல்களைப் பதிப்பித்தவர் கற்றுத் தேறும்வரை அவருக்குச் சோறிட்டவர்கள் யார் என்று நாம் கேட்பதில்லை. பொருளியல் கற்பித்துப் பழகிய எனக்கு அக்கேள்விதான் முதலில் எழுகிறது.

1855 பிப்ரவரி 19 அன்று பிறந்த அவர், பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்துக்காரர். ஏகாதசியன்று மறதியாகத் தாம்பூலம் தரித்துவிட்ட தஞ்சை அரசர் ஒருவர், அதற்குப் பரிகாரமாகத் தானமளித்த ஊர் அது என்பது வழிவழிக் கதை. தந்தை வேங்கடசுப்பையர், கனம் கிருஷ்ணையரிடம் பயின்ற இசைவாணர். வித்துவான்களுக்கு நிலையான ஊதியம் ஏது? ஆதரிப்பவர் இருக்கும் இடமே ஊர். அரியலூர் ஜமீனின் ஆதரவு தளர்ந்ததும் குடும்பம் குன்னத்துக்குப் பெயர்ந்தது. அங்கே அருணாசலக் கவிராயரின் கீர்த்தனங்களைப் பாடி இராமாயணம் சொன்னார் தந்தை. இருக்க வீடும் உண்ணப் பொருளும் ஊரார் தந்தார்கள்.

மகனுக்கோ தமிழ்ப் பித்து. ஆங்கிலம் படித்தால் இம்மையில் பிழைக்கலாம், வடமொழி படித்தால் மறுமைக்கு ஆகும், தமிழால் இரண்டும் இல்லை என்று உற்றார் எடுத்துரைத்தனர். அன்றைய வேலைச் சந்தையைப் பார்த்தால் அந்தக் கணக்கில் பிழை சொல்ல முடியாது. ஆனால், அந்தத் தந்தை கணக்குப் பார்க்கவில்லை. அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று ஆசிரியர் இருந்த இடத்துக்கெல்லாம் குடும்பமே குடிபெயர்ந்தது. ரெட்டியார் நிலக்கிழார்; யாப்பிலக்கணத்தில் வல்லவர். கட்டணம் வாங்கிக் கற்பித்தவர்கள் அல்லர் இவர்கள். இன்றைக்கு எந்த உதவித்தொகைத் திட்டத்திலும் இப்படியோர் ஏற்பாட்டை எழுதிக் காட்ட முடியாது.

1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தபோதும் முதல் சிக்கல் உணவுதான். பாடம் சொல்ல இசைந்த பிள்ளையவர்களால் சாப்பாட்டுக்கு வழிசெய்ய இயலவில்லை. அப்பொறுப்பையும் தந்தையே ஏற்றார். பின்னர் திருவாவடுதுறை மடம் தாங்கியது. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் வேலை, 1887-இல் சிந்தாமணிப் பதிப்பு: மற்றவை ஊரறிந்தவை.

முதுமையில் அவர் நினைவுகூர்ந்த கிராமம் சற்று அதிகமாகவே ஒளிர்கிறது என்பது என் கருத்து. அந்த ஒளி அக்கிரகாரத் திண்ணையிலிருந்தும் மிராசுதார் வீட்டுக் கூடத்திலிருந்தும் வருவது. வீட்டுக்கு வந்து சேர்ந்த நெல்லை நட்டவர்களும் அறுத்தவர்களும் அந்நினைவுகளின் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். தமிழை வளர்த்த புரவலர் பட்டியலில் ஜமீன்தார்கள் உண்டு, ஆதீனங்கள் உண்டு. களத்துமேட்டில் நின்றவர்கள் இல்லை. அவர்களுடைய உழைப்பின் உபரி இல்லாமல் ஒரு சிறுவன் பல ஆண்டுகள் வருவாயின்றி இலக்கணம் படித்திருக்க இயலாது.

1940-இல் ஆனந்த விகடனில் என் சரித்திரம் தொடங்கியபோது அவருக்கு வயது 85 நெருங்கியிருந்தது. உலகப் போரின் அச்சத்தில் சென்னையை விட்டுச் சென்றவர்களுள் அவரும் ஒருவர். எங்கள் காஞ்சிபுரமும் அடங்கியிருந்த அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் திருக்கழுக்குன்றத்தில், 1942 ஏப்ரல் 28 அன்று காலமானார். தொடர் பாதியில் நின்றது. குன்னத்தையும் கார்குடியையும் செங்கணத்தையும் அதற்குள் எழுதி முடித்திருந்தார்.