காத்திருந்து கட்டிய அணி

கூடைப்பந்து என்றதும் நெடிதுயர்ந்த வீரர்களே நம் கண்முன் நிற்பர். நான் எழுத விரும்புவது ஐந்தடி பத்தங்குல உயரமே கொண்ட ஒருவரைப் பற்றி. வில்லியம் ஹோல்ஸ்மன் என்பது அவர் பெயர். தலைமுடியின் செந்நிறத்தால் 'ரெட்' என்றே உலகம் அவரை அறியும்.

1920-இல் நியூயார்க் நகரில், அமெரிக்காவில் குடியேறிய எளிய யூதப் பெற்றோர்க்குப் பிறந்தார். சம்பளமின்றிப் படிக்கக்கூடிய நகரக் கல்லூரியில் பயின்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே இச்செய்தியை அறிந்த அன்றே அவர்மீது எனக்குப் பற்று உண்டாகிவிட்டது. 1951-இல் வாகை சூடிய ராச்செஸ்டர் அணியில் ஆடினார். பின்னர் ஹாக்ஸ் அணியின் பயிற்சியாளரானார். தோல்விகள் தொடரவே 1957-இல் அப்பதவி பறிபோயிற்று.

அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டுகள் நியூயார்க் நிக்ஸ் அணிக்காக ஊர் ஊராகச் சென்று, கல்லூரி ஆட்டங்களைப் பார்த்து, தக்க வீரர்களைக் கண்டறிவதே அவர் வேலை. அந்த அணியோ 1960 முதல் 1966 வரை ஏழு ஆண்டுகளும் தன் பிரிவில் கடைசி! அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்லூரி முடித்து வரும் வீரர்களை முதலில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு, பின்தங்கிய அணிகளுக்கே தரப்படும். ஆனால் வாய்ப்பு மட்டும் போதுமா? ஆண்டுதோறும் அது கிடைத்தும் நிக்ஸ் எழுந்திருக்கவில்லையே!

1964-இல் கிராம்ப்ளிங் என்ற சிறிய கருப்பினக் கல்லூரியிலிருந்து வில்லிஸ் ரீட் வந்தார். முதற்சுற்றில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. சிற்றூர்க் கல்லூரி என்றால் ஏறிட்டும் பாராதவர் அங்கும் உண்டு போலும். 1965-இல் தேர்வான பில் பிராட்லியோ படிப்புக்காக ஆக்ஸ்போர்டு சென்றுவிட்டார். அணி அவருக்காக இரண்டு ஆண்டு காத்திருந்தது. 1967-இல் வால்ட் ஃபிரேசியரும் ஃபில் ஜாக்சனும் சேர்ந்தனர். இவற்றில் மேலாளர் எடி டோனவனுக்கும் பெரும் பங்குண்டு. எல்லாவற்றையும் ஹோல்ஸ்மன் கணக்கில் எழுதுவது முறையாகாது.

1967 டிசம்பரில் பயிற்சியாளர் பொறுப்பு அவரிடம் வந்தபோது அணி 15 ஆட்டங்களில் வென்று 22-இல் தோற்றிருந்தது. அவர் போதித்தவை இரண்டே: எதிரியின் பந்தில் கண் வை, தடுப்பாரற்று நிற்கும் தோழனுக்குப் பந்தைக் கொடு. எஞ்சிய 45 ஆட்டங்களில் 28 வெற்றிகள் கிட்டின. மறு ஆண்டு, பெல்லமி, கோமிவ்ஸ் என்ற இருவரைக் கொடுத்து டேவ் டிபுஷரைப் பெற்றனர். கட்டடத்தின் கடைசிக் கல் அதுவே என்பது என் கருத்து.

1970 மே 8. லேக்கர்ஸ் அணியுடன் ஏழாவது ஆட்டம். தொடைத் தசை கிழிந்திருந்த ரீட் நொண்டியவாறே களம் புகுந்து முதல் இரு கூடைகளைப் போட்டார். ஃபிரேசியர் 36 புள்ளிகள் குவித்தார். 113க்கு 99 என்ற கணக்கில் நிக்ஸ் தன் முதல் வாகையைச் சூடியது. 1973-இல் மீண்டும் வென்றது.

ஹோல்ஸ்மன் 1998-இல் மறைந்தார். மேடிசன் சதுக்க அரங்கின் கூரையில் புகழ்பெற்ற வீரர்களின் சட்டை எண்கள் தொங்குகின்றன. அவற்றிடையே 613 என்றோர் எண்ணும் உண்டு. அவர் பயிற்சியில் நிக்ஸ் வென்ற ஆட்டங்களின் எண்ணிக்கை அது.