ரகீம் சாகிபும் நல்லூழும்

ஒரு கால்பந்துக் குழு ஓராண்டு முழுதும் வென்று கொண்டே போகிறது. அது ஆற்றலால் வந்த வெற்றியா, நல்லூழால் வந்த வெற்றியா? நம் சங்கத்து நண்பர்களுள் இந்த வழக்கை ஆடாதவர் குறைவு. தோற்ற கட்சி ஊழைப் பழிக்கும். வென்ற கட்சி உழைப்பைப் புகழும். பந்து கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்தால் திறமை. அதே பந்து பட்டு வெளியே தெறித்தால் விதி! விந்தையான நீதி இது.

இந்த வழக்குக்குச் சான்றாக நான் ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கொண்டு வருகிறேன். அவர் இந்த ஐதராபாத் நகரத்தவர். நாம் பயிலும் இதே உஸ்மானியாப் பல்கலைக் கழகத்தில் பயின்று பட்டம் பெற்றவர். சையது அப்துல் ரகீம் என்பது முழுப்பெயர். ஊரார்க்கு அவர் ரகீம் சாகிப். 2024-இல் ‘மைதான்’ என்ற இந்தித் திரைப்படம் வந்த பிறகு அவர் பெயரைப் பலர் அறிந்திருக்கிறார்கள். ஆனால் திரைப்படம் காட்டுவது கண்ணீரையும் கைதட்டலையும். நான் பார்க்க விரும்புவது கணக்கை.

1909 ஆகஸ்டு 17-இல் பிறந்தவர் ரகீம். தொழில் பள்ளி ஆசிரியர். இளமையில் பந்தாடினார், ஆனால் ஆடியதைக் காட்டிலும் ஆட்டத்தைப் பார்த்துச் சிந்தித்ததே அவருக்குப் பெயர் தந்தது. 1943-இல் ஐதராபாத் கால்பந்துக் கழகத்தின் செயலாளரானார். 1950-இல் நகரக் காவல் துறைக் குழுவின் பயிற்சியாளரானார். அங்கேதான் நம் கணக்கு தொடங்குகிறது.

பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை அந்தக் காவல் துறைக் குழு 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. கோப்பையை வெல்ல நான்கு ஆட்டங்களில் வெல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்ல நூற்றுக்கு எழுபத்தைந்து வாய்ப்பு உள்ள வலிய குழு என்றும் கொள்வோம். நான்கையும் வெல்லும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை! ஐந்து ஆண்டு தொடர்ந்து வெல்லும் வாய்ப்போ ஆயிரத்தில் மூன்று. வாய்ப்பைத் தொண்ணூறாக உயர்த்திப் பாருங்கள். அப்போதும் ஐந்தாண்டுத் தொடர் வெற்றிக்கு நூற்றுக்குப் பன்னிரண்டுதான். ஆகவே ஒரு கோப்பையைக் கண்டு குழுவின் தரத்தை உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஐந்தைக் கண்டால் பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதிலும் ஊழுக்கு ஒரு சிறு பங்கு ஒதுக்கியே ஆகவேண்டும்.

கூடைப்பந்தில் ஓர் ஆட்டத்துக்கு நூறு புள்ளி எழுகிறது; அதில் ஒரு பிழை கரைந்து போகும். கால்பந்தில் விழுவது இரண்டு மூன்று கோல். நடுவரின் ஒரு கண்ணிமைப்பு, மழையில் வழுக்கிய ஒரு கால், இவை போதும் ஆட்டத்தைப் புரட்ட. ஆகவே கூடைப்பந்தைவிட இங்கே ஊழுக்கு இடம் அதிகம். ரகீம் இதை அறிந்தவர் என்பது என் கருத்து. அவர் நடத்திய பயிற்சிகளைப் பாருங்கள். பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டக் கூடாது, உடனே தட்டிவிட வேண்டும் என்ற விதியோடு ஒரு போட்டி. பழகாத காலால் மட்டுமே அடிக்க வேண்டும் என்ற விதியோடு மற்றொரு போட்டி. பந்து எந்தக் காலுக்கு வந்து சேரும் என்பது நம் கையில் இல்லை. வந்த கால் பயின்றிருக்கிறதா என்பது பயிற்சியாளர் கையில் இருக்கிறது.

இனி இந்தியக் குழுவுக்கு வருவோம். 1951-இல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில், இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் பெற்றோம். மறு ஆண்டே எல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று நொறுக்கியது. நம்மவர் பலர் வெறுங்காலோடு ஆடினர்; குளிர்நாட்டு மைதானத்தில் எதிரிகள் காலணியோடு ஓடினர். பத்துக் கோல் தோல்வியை ஊழின்மேல் போட எவருக்கும் துணிவு வராது. அதன்பின் நம்மவர் காலணி அணிவது கட்டாயமாயிற்று.

இங்கே நான் சற்று நிற்க வேண்டும். 1956-இல் மெல்போர்னிலும் 1960-இல் ரோமிலும் நடந்தவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் நம் வழக்கில் பாதி தீர்ந்துவிடும்.

மெல்போர்னில் முதல் சுற்றில் நாம் ஹங்கேரியைச் சந்தித்திருக்க வேண்டும். 1952 ஒலிம்பிக்கின் தங்கம் அந்நாட்டுடையது. 1954 உலகக் கோப்பையில் இரண்டாமிடமும் அதற்கே. ஆனால் 1956-இல் ஹங்கேரியில் புரட்சி மூண்டது. அதன் கால்பந்துக் குழு போட்டிக்கு வரவில்லை. ஒரு பந்தையும் தொடாமல் நாம் அடுத்த சுற்றுக்குப் போனோம். அங்கே ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றோம். நெவில் டிசூசா மூன்று கோல் அடித்தார். நான்காவதை அடித்தவர் கிட்டு என்னும் கிருஷ்ணசாமி. ஆசிய நாடொன்று ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்கு வந்தது அதுவே முதல்முறை. அரையிறுதியில் யூகோஸ்லாவியாவுக்கு எதிராக முதல் கோலை நாமே அடித்தோம். எனினும் 4-1 என்று தோற்றோம். பின் பல்கேரியாவிடம் 3-0 என்று தோற்று நான்காமிடம் பெற்றோம். ஆக, வென்ற ஆட்டம் ஒன்றே ஒன்று!

ரோமில் என்ன நடந்தது? மெல்போர்னில் வராத ஹங்கேரி இப்போது வந்து நின்றது. அதனோடு பிரான்சும் பெருவும் ஒரே பிரிவில். நான்கு நாடுகளில் ஒன்றுக்கே மேற்செல்ல இடம். நாம் ஹங்கேரியிடம் 2-1 என்ற அளவில்தான் தோற்றோம். அந்த ஹங்கேரி இறுதியில் வெண்கலம் பெற்றது. பிரான்சுக்கு எதிராக முதலில் நாம் கோல் அடித்தோம். ஆட்டம் முடிய எட்டு நிமிடம் இருக்கையில் அவர்கள் சமன் செய்தனர். பெருவிடம் 3-1 என்று தோற்றோம். பிரிவில் கடைசியிடம். ஏட்டைப் புரட்டுகிறவர் மெல்போர்னைப் பொன்னேடு என்பர், ரோமைப் புறக்கணிப்பர். நானோ ரோமுக்குப் போன குழுவே சிறந்தது என்பேன். பி.கே. பானர்ஜியும் சூனி கோஸ்வாமியும் பலராமனும் ஒருங்கே ஆடிய முன்வரிசை அது. நான்காமிடமும் கடைசியிடமும் பிரிந்தது பெரும்பாலும் குலுக்கலில்தான்.

பலராமனைப் பற்றி ஒரு வார்த்தை. துளசிதாஸ் பலராமன் செகந்தராபாத் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. ஏழ்மை மிகுந்த வீடு. பயிற்சிக்கு நகரம் வர வண்டிச் சத்தம் இல்லாத அவருக்கு ரகீம் ஒரு சைக்கிளுக்கு ஏற்பாடு செய்தாராம். ரகீம் கண்ணில் அந்தச் சிறுவன் பட்டது ஊழ் என்றால் ஒப்புக்கொள்கிறேன். சைக்கிள் ஊழன்று.

1962, ஜகார்த்தா. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. ரோமைப் போல் ஒருவருக்கே இடம் என்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கக் கூடும். இங்கே பிரிவுக்கு இருவர்க்கு இடம். அது நம் நல்லூழ். தாய்லாந்தை 4-1 என்று வென்றோம். ஆனால் அந்த ஆட்டத்தில் பின்களத்துத் தூணான ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து தையல் போட நேர்ந்தது. ஜப்பானை அவர் இல்லாமலே 2-0 என்று வென்றோம். தலைக்காயத்தோடு பின்களத்தில் ஆடுவது ஆகாது என்ற நிலையில், ரகீம் அவரை முன்களத்தின் நடுவே நிறுத்தினார். அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று வென்றபோது அவர் ஒரு கோல் அடித்தார். மற்ற இரண்டும் கோஸ்வாமியுடையவை.

செப்டம்பர் 4-இல் இறுதியாட்டம். எதிரே மீண்டும் தென் கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் விலக்கிய இந்தோனேசியாவின் செயலை இந்தியரான ஜி.டி. சோந்தி கண்டித்ததால் நம் நாட்டின்மேல் ஊரே கொதித்திருந்தது. ஏறக்குறைய நூறாயிரம் பேர் கூடிய அரங்கம் நமக்கு எதிராகக் கூச்சலிட்டது. பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் நமக்காகக் குரல் கொடுத்ததை நம் ஆட்டக்காரர்கள் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தனர். காய்ச்சலில் கிடந்து எழுந்த பீட்டர் தங்கராஜ் கோல்கீப்பர், இவரும் தமிழரே. பதினேழாம் நிமிடத்தில் பானர்ஜி ஒன்று, இருபதாம் நிமிடத்தில் ஜர்னைல் சிங் ஒன்று. கொரியா கடைசியில் ஒன்றைத் திருப்பியது. 2-1. தங்கம்!

தையல் போட்ட தலை அடித்த கோலை எந்தப் பக்கத்தில் எழுதுவது? காயம் பட்டது தீயூழ். காயம் பட்டவரை முன்னே நகர்த்தியது ரகீமின் மூளை. அந்தப் பந்து அவரிடம் வந்தது, மீண்டும் ஊழ். இப்படிப் பின்னிக் கிடப்பதை இழை இழையாகப் பிரித்து இத்தனை பங்கு என்று சொல்ல என்னால் ஆகாது. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிகிறது: ஊழ் பதினொருவரையும் தொடுகிறது, தொட்டபின் என்ன செய்வது என்று ஒருவர் முன்பே எண்ணி வைத்திருந்தார்.

அந்த ஒருவர் அப்போதே நோயாளி. நுரையீரலில் புற்றுநோய். ஜகார்த்தா வெற்றிக்கு ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11-இல், ஐம்பத்து மூன்றாம் வயதில் ரகீம் மறைந்தார். அதே ஆண்டில் பலராமனும் நுரையீரல் உறை நோயால் ஆட்டத்தை விட்டார். அவருக்கு முப்பது வயது கூட ஆகவில்லை. 1964 ஆசியக் கோப்பையில் இருவரும் இன்றி இந்தியா இரண்டாமிடம் பெற்றது. 1970-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் கிடைத்தது வெண்கலம்.